பேயும் பணியாரமும்

அக்டோபர் மாதத்துக் கடைசி நாள்களில் டில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு முதலிய மாநகரங்களில் வாழும் தமிழர் இல்லங்கள் பலவற்றின் அடுக்களையில் ஒரு புதுமை நிகழக் காண்கிறோம். சிறுவர் சிறுமியர் வெண்ணெயும் சர்க்கரையும் மைதா மாவும் கலந்து திரட்டி, தகர அச்சுகளால் பேய், வெளவால், மண்டையோடு, கல்லறைக் கல் ஆகிய வடிவங்களில் வெட்டி, பிஸ்கோத்தாகச் சுட்டெடுத்து, அண்டை வீட்டாருக்கும் பள்ளித் தோழருக்கும் வழங்குகின்றனர். மேனாட்டார் அக்டோபர் 31ஆம் நாள் மாலையில் கொண்டாடும் 'ஹாலோவீன்' என்னும் விழாவை ஒட்டி வந்த பழக்கம் இது. வீட்டிலுள்ள பெரியோர் சிலர் இதைக் கண்டு முகம் சுளிக்கின்றனர். விளக்கு வைக்கும் நேரத்தில் பேயின் பெயரைச் சொல்லவும் அஞ்சிய மரபில் வந்தவர்கள், அதன் உருவத்தைத் தட்டில் அடுக்கிக் குழந்தைகளுக்கு ஊட்டுவதா என்று கேட்கின்றனர். வேற்றூரில் பிறந்து வளரும் நம் மக்கள் நம்முடையதை மறந்து பிறருடையதைப் பற்றிக்கொள்கின்றனரே என்னும் கவலையும் அக்கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

இக்கவலையைச் சிரித்துத் தள்ளிவிடுதல் முறையன்று. பிறந்த மண்ணை விட்டு வந்தோர்க்குப் பழக்க வழக்கங்களே கையிருப்பாகும். அவை ஒவ்வொன்றாகக் கைநழுவும்போது மனம் துணுக்குறுவது இயல்பே. ஆயினும், பேயையும் பணியாரத்தையும் ஒன்றாகச் சேர்த்து வைத்தவர் யார், எதன்பொருட்டுச் சேர்த்தனர் என்பதை வரலாற்றைக் கொண்டு ஆராய்ந்த பின்னரே தீர்ப்புக் கூறுதல் தகும். இவ்வாராய்ச்சிக்கு நாம் வேறெங்கும் செல்ல வேண்டுவதில்லை. கர்நாடக மாநிலத்தில், பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோலார் தங்கவயலே போதும். மூவகை மக்கள் ஒரே நிலத்தின் மேலும் அதன் கீழும் கூடி வாழ்ந்த ஊர் அது. அம்மூவருமே, இறந்தோர்க்கு உணவில் ஒரு பங்கு வைக்கும் மரபை உடையவர்களாக இருந்தனர்.

தங்கவயலின் தோற்றத்தைச் சுருங்கக் கூறுவோம். 1802ஆம் ஆண்டில் ஜான் வாரன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, நில அளவைப் பணிக்காக அப்பகுதிக்கு வந்தபோது, உள்ளூர் மக்கள் மண்ணைக் கழுவிப் பொன்துகள் எடுப்பதைக் கண்டு எழுதி வைத்தார். பின்னர், போர்ப்பணியிலிருந்து ஓய்வு பெற்ற மைக்கேல் லவெல் என்னும் அயர்லாந்துக்காரர், 1873இல் சுரங்கம் தோண்டும் உரிமையை மைசூர் அரசிடம் வேண்டினார். 1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் லண்டன் நிறுவனம் பொறுப்பேற்ற பிறகே தொழில் வேரூன்றியது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம், பாலகாட் எனச் சுரங்கங்கள் பெருகின. 1902இல் சிவசமுத்திரத்துக் காவிரி அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி வழியே மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் நாளடைவில் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டி, உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று.

இத்தொழிலைச் செய்ய வந்தோர் யாவர்? சுரங்க நுணுக்கம் அறிந்த மேற்பார்வையாளராக, இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வால் நாட்டுச் சுரங்கத்தார் வந்தனர். தங்கள் ஊரில் செம்புச் சுரங்கங்களும் வெள்ளீயச் சுரங்கங்களும் நலிவுற்றதால் கடல் கடந்தவர்கள் அவர்கள். அலுவலகம், இயந்திரசாலை, மருத்துவமனை முதலிய இடங்களில் ஆங்கிலோ இந்தியர் பலர் பணியேற்றனர். பாறைக்குள் இறங்கித் துளையிட்டு, வெடி வைத்து, பொன்தாதுவைத் தோளாலும் கையாலும் வெளிக்கொணர்ந்த உழைப்பாளிகளோ பெரும்பாலும் நம்மவர். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த அவர்களுள் நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்களே மிகுதி. வெளிமாநிலத்தில் குடியேறிய தமிழர் என்று இன்று நாம் நம்மைச் சொல்லிக்கொள்ளும்போது, அவர்களை நம் முன்னோடிகள் எனக் கருதுதல் பொருந்தும்.

முதலில் கார்ன்வால் நாட்டாரின் நம்பிக்கையைக் காண்போம். வெள்ளீயச் சுரங்கத்தின் இருளில் சின்னஞ்சிறு ஆவிகள் உலவுகின்றன என்றும், பாறையைத் தட்டி ஓசை எழுப்புகின்றன என்றும் அவர்கள் நம்பினர். 'தட்டுவோர்' என்னும் பொருள்பட அவற்றை 'நாக்கர்' என்று அழைத்தனர். உலோகம் உள்ள திசையை அவ்வோசை காட்டும் என்பர் சிலர். பாறை சரியப் போவதை முன்னறிவிக்கும் என்பர் வேறு சிலர். அவற்றைப் பகைத்துக்கொள்ளலாகாது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. ஆகையால், இறைச்சியும் உருளைக்கிழங்கும் உள்ளே வைத்து மாவால் மூடிச் சுட்ட 'பாஸ்டி' என்னும் பணியாரத்தைச் சுரங்கத்துக்குள் உண்ணும்போது, அதன் ஓரத்துண்டை அவ்வாவிகளுக்கென ஒதுக்கிவைப்பது வழக்கம். கார்ன்வாலிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற சுரங்கத்தார் இந்நம்பிக்கையை அங்கும் உடன்கொண்டு போயினர்.

இவ்வழக்கம் ஐரோப்பாவில் தனித்து நின்றதன்று. அயர்லாந்திலும் அதனைச் சூழ்ந்த நாடுகளிலும் வாழ்ந்த கெல்ட்டிய மக்கள், அறுவடை முடிந்து கூதிர்காலம் தொடங்கும் நாளைச் 'சாவின்' என்னும் பெயரால் கொண்டாடினர். அந்த இரவில் இறந்தோர் உலகத்துக்கும் இருப்போர் உலகத்துக்கும் இடையே உள்ள கதவு திறக்கிறது என்பது அவர்தம் எண்ணம். கிறித்தவ சமயம் பரவிய பின்னர், 9ஆம் நூற்றாண்டில் நவம்பர் 1ஆம் நாள் புனிதர் அனைவருக்கும் உரிய திருநாளாக நிலைபெற்றது. 10ஆம் நூற்றாண்டின் இறுதியில், பிரான்சு நாட்டுக் குளூனி மடத்தின் தலைவர் ஓடிலோ என்பார், நவம்பர் 2ஆம் நாளை இறந்த ஆன்மாக்கள் அனைத்துக்கும் வேண்டுதல் செய்யும் நாளாகத் தம் மடங்களில் ஏற்படுத்தினார். புனிதர் திருநாளுக்கு முந்திய மாலை என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரே சிதைந்து 'ஹாலோவீன்' ஆயிற்று.

அந்நாள்களில் இங்கிலாந்தில் 'ஆன்மாப் பணியாரம்' என்று ஒன்று சுடப்பட்டது. வாசனைப் பொருள்கள் சேர்த்த சிறிய வட்ட அப்பம் அது. மேலே சிலுவைக்குறி கீறப்பட்டிருக்கும். ஏழைகளும் சிறுவர்களும் வீடு வீடாகச் சென்று அதைப் பெறுவர். ஒவ்வோர் அப்பத்துக்கும் ஈடாக அவ்வீட்டில் இறந்தோரின் ஆன்மா சாந்தியடைய வேண்டுதல் செய்வர். அப்பம் உண்பவன் வாயாலே இறந்தவன் பசியாறுகிறான் என்னும் கருத்து இதில் உள்ளுறையாக நிற்கிறது. இத்தாலியில் இறந்தோர் நாளுக்கென எலும்பு வடிவப் பிஸ்கோத்துகள் செய்கின்றனர். 'இறந்தோரின் எலும்புகள்' என்பதே அவற்றின் பெயர். மெக்சிகோ நாட்டில் இனிப்பு ரொட்டியின்மேல் மாவாலேயே எலும்பு வடிவங்களை ஒட்டிச் சுடுவர். சர்க்கரையால் மண்டையோடு வார்த்து, அதன் நெற்றியில் பெயர் எழுதுவதும் உண்டு. இன்று அச்சால் வெட்டப்படும் பேயுருவப் பிஸ்கோத்துக்கு இவை மூத்த உறவினர் எனலாம்.

19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்து, ஸ்காட்லாந்து மக்கள் பஞ்சத்தாலும் வறுமையாலும் அமெரிக்காவுக்குப் பெருந்திரளாகக் குடியேறியபோது இம்மரபும் உடன் சென்றது. ஊரில் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், அங்கே எளிதில் கிடைத்த பரங்கிக்காயைக் குடைந்தனர். நாளடைவில் வேண்டுதல் மறைந்தது, வேடிக்கை நின்றது. இனிப்புக் கேட்டு வீடுதோறும் செல்லும் வழக்கத்தைத் தின்பண்ட வணிகர் பெரிதும் வளர்த்தனர். இன்று நம் வீட்டுக்குள் வந்திருப்பது அவ்வாறு பாதி நினைவிழந்த விழாவே. இதுவும் குடியேறிகள் மூட்டை கட்டிக் கொண்டுபோன சரக்கு என்பது நம் கருத்துக்கு உரியது.

பேய் ஏன் வெள்ளைத் துணி போர்த்த உருவமாகவே பிஸ்கோத்தில் அமைகிறது என்று குழந்தைகள் கேட்பதுண்டு. அது பிணத்தைச் சுற்றும் கோடித் துணி. இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டில், நாட்டின் கம்பளித் தொழிலைக் காக்கும்பொருட்டு, இறந்தோரைக் கம்பளித் துணியில் மட்டுமே சுற்றிப் புதைத்தல் வேண்டும் என்று சட்டமே இயற்றினர். கல்லறையிலிருந்து எழுந்து வருபவன் அத்துணியோடுதானே வரவேண்டும்! நம் கதைகளில் வரும் மோகினி வெள்ளைச் சேலை உடுத்தி வருவதை நினைவுகூர்ந்தால், அச்சத்தின் நிறம் நாட்டுக்கு நாடு பெரிதும் மாறுவதில்லை என்பது விளங்கும்.

இனி, தமிழர் பக்கம் வருவோம். இல்லறத்தான் ஓம்ப வேண்டியோரை வகுத்துரைக்கும் திருவள்ளுவர், தென்புலத்தாரை, அதாவது இறந்த முன்னோரை, தெய்வத்துக்கும் விருந்துக்கும் முன்பாக வைத்தார். அவருக்கும் முற்பட்ட சங்க காலத்தில், வேள் எவ்வி என்னும் வள்ளல் மறைந்தபோது வெள்ளெருக்கிலையார் பாடிய பாட்டொன்று புறநானூற்றில் 234ஆம் செய்யுளாக உள்ளது. சிறு இடத்தை மெழுகி, புல்லின்மேல் மனைவி வைத்த இனிய சிறு பிண்டத்தை, பலரோடு கூடி உண்டு பழகிய அவன் எங்ஙனம் உண்டானோ என்று புலவர் வருந்துகிறார். பிடியளவு உணவுக்கும் மாண்ட பெருமகனுக்கும் இடையே உள்ள தொடர்பை இதனினும் உருக்கமாகச் சொல்லுதல் அரிது.

உருக்கம் மட்டும் நம் மரபாகாது, நகைச்சுவையும் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் செயங்கொண்டார் இயற்றிய கலிங்கத்துப்பரணியில் பேய்களே சமையல் செய்கின்றன. முதற் குலோத்துங்க சோழனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற போர்க்களத்தில், பசியால் வாடிய பேய்கள் பல் துலக்கி, நீராடி, அடுப்புக் கூட்டி, வீழ்ந்தோரின் பற்களை அரிசியாகக் குற்றிக் கூழ் அடுகின்றன; பின்னர்ப் பந்தி வைத்து உண்கின்றன. பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய் என்று விருந்தாளிகளுள் வகைகள் வேறு! படிப்போர் அஞ்சுவதா சிரிப்பதா என்று அறியாது திகைப்பர். பேயை அடுக்களைக்குள் அழைத்து வந்து அதன் கையில் அகப்பையைக் கொடுத்த மொழி நம்முடையது. ஆகவே, பேயும் சமையலும் சேர்வது தமிழுக்கு முற்றிலும் புதிது என்று சொல்ல நமக்கு வாயில்லை.

ஏட்டில் உள்ளது இவ்வாறாக, நாட்டில் உள்ளது இன்னும் நெருங்கிய சான்றாகும். தங்கவயல் உழைப்பாளர் பலருக்குத் தாயகமான தமிழகத்தின் வட பகுதியில் அங்காளம்மன் வழிபாடு பெரிது. விழுப்புரம் மாவட்டத்து மேல்மலையனூரிலும் வேறு பல ஊர்களிலும், மகாசிவராத்திரியை அடுத்த அமாவாசையன்று மயானக் கொள்ளை என்னும் விழா நடைபெறுகிறது. அதன் கதை இது: சிவன் கையில் பிரமனின் தலை ஒட்டிக்கொண்டு, அவருக்கு இடும் உணவையெல்லாம் தானே உண்டுவிடுகிறது. தேவி சுவையான உணவு சமைத்து மயானத்தில் இறைக்கிறாள். அதன்மீது கொண்ட ஆசையால் மண்டையோடு கையை விட்டுக் கீழே இறங்குகிறது. அவள் அங்காளியாகி அதனை மிதித்து அடக்குகிறாள். இக்கதைக்கேற்ப, அன்று சுடுகாட்டில் கொழுக்கட்டை, சுண்டல், தானியம், காய்கறி முதலியவற்றைச் சூறையிடுவர். மக்கள் அவற்றை விரும்பி எடுத்துச் செல்வர். மண்டையோட்டைப் பணியாரத்தால் வென்ற தெய்வத்தை வணங்கும் மக்களின் பேரப்பிள்ளைகள் மண்டையோட்டு வடிவில் பிஸ்கோத்துச் சுடுவதைக் கண்டு, இது எங்கிருந்து வந்தது என்று நாம் வியக்கிறோம்!

கிறித்தவத் தமிழரிடமும் இம்மரபு உண்டு. நவம்பர் 2ஆம் நாளாகிய கல்லறைத் திருநாளில் அவர்கள் கல்லறைகளைத் துப்புரவு செய்து, வெள்ளையடித்து, மலர் சூட்டி, மெழுகுவத்தி ஏற்றுகின்றனர். வங்காளத்தில் வாழும் தமிழர்கள், காளி பூசைக்கு முந்திய இரவைப் 'பூத சதுர்த்தசி' என்று அண்டை வீட்டார் கொண்டாடுவதைக் கண்டிருப்பர். 14 தலைமுறை முன்னோர்க்கென 14 விளக்கேற்றி, 14 வகைக் கீரை சமைத்து உண்ணும் நாள் அது. ஐப்பசியை ஒட்டிய இருண்ட இரவுகளில் இறந்தோரை நினைப்பது மேனாட்டுக்கு மட்டும் உரியதன்று.

பேயின் வரலாறு இவ்வாறாக, வெண்ணெய்ப் பிஸ்கோத்து நம்மிடம் வந்த கதையும் சொல்லத் தக்கது. சூரத் நகரில் டச்சுக்காரர் விட்டுச் சென்ற ரொட்டிக்கடையைப் பாரசீகர் ஒருவர் ஏற்று நடத்தியபோது உருவானதே நான்கட்டாய் என்பர். 1880இல் மாம்பள்ளி பாபு என்பார் மலபாரின் தலைச்சேரியில் பிஸ்கோத்துத் தொழிற்சாலை தொடங்கினார். 1892இல் கல்கத்தாவில் பிரிட்டானியா தோன்றியது. 1898இல் ஹாசன் பகுதியைச் சேர்ந்த திருமலாச்சார் பெங்களூர்ச் சிக்பேட்டையில் நிறுவிய கடை, பிற்காலத்தில் ஐயங்கார் பேக்கரி என்று பெயர் பெற்ற கடைகளுக்கு முன்னோடியாயிற்று. வாயிலிட்டதும் கரையும் வெண்ணெய்ப் பிஸ்கோத்தை அப்பகுதி மக்கள் காபியோடு உண்ணப் பழகியது இத்தகைய கடைகளாலேயே.

தங்கவயலில் மாவுக்கு உருவம் கொடுக்கும் கலையை ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் போற்றி வளர்த்தன. 'சிற்றிங்கிலாந்து' என்று பெயர் பெற்ற அவ்வூரின் சமையலைப் பற்றி, அங்கே பிறந்த பிரிட்ஜெட் வைட் அம்மையார் நூல்கள் பல எழுதியுள்ளார். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது வீட்டார் அனைவரும் மேசையைச் சுற்றி அமர்ந்து, சிறு மாவுருண்டைகளை முள்கரண்டியின் முதுகில் அழுத்திச் சுருட்டிக் குல்குல் செய்வது அச்சமூகத்தின் வழக்கம். அச்சை மாவில் தோய்த்துக் கொதிக்கும் எண்ணெயில் மலரச் செய்யும் ரோஸ் குக்கி, நம் அச்சு முறுக்கேயன்றி வேறன்று. அச்சும் மாவும் குழந்தைகளின் கையும் ஒரு மேசையில் கூடுவது என்னும் முறை, இன்றைய பேயுருவப் பிஸ்கோத்துக்கு முன்பே அவ்வூரில் இருந்தது.

இவ்வளவும் கேட்ட பின்னர், அப்பணியாரத்தைச் செய்யும் முறையையும் நேயர்கள் அறிய விரும்புவர். அளவு நினைவில் நிற்க எளியது: சர்க்கரை 1 பங்கு, வெண்ணெய் 2 பங்கு, மாவு 3 பங்கு. எனவே 50 கிராம் பொடித்த சர்க்கரை, 100 கிராம் உப்பில்லா வெண்ணெய், 150 கிராம் மைதா, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவை போதும். இளகிய வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுக்குமளவும் குழைத்து, மாவைச் சலித்துச் சேர்த்து, விரல் நுனியால் ஒன்றுகூட்ட வேண்டும். சப்பாத்திக்குப் பிசைவதுபோல் அழுத்திப் பிசைந்தால் மாவில் இழுவை உண்டாகிப் பிஸ்கோத்து கடினமாகும். மாவு உதிர்ந்தால் ஒரு கரண்டிப் பால் தெளிக்கலாம். பின்னர் அரை மணி நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்தல் இன்றியமையாதது. வெண்ணெய் இறுகாவிடில், சூடு பட்டவுடன் மாவு பரந்து, பேய் பூசணிக்காயாகிவிடும்.

குளிர்ந்த மாவை அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து அச்சால் வெட்டலாம்; அச்சு இல்லையேல் அட்டையில் உருவம் வரைந்து அதன் ஓரமாகக் கத்தியால் அறுக்கலாம். 160 முதல் 170 டிகிரி வெப்பத்தில் 12 முதல் 15 நிமிடம் சுட்டால் போதும்; ஓரம் சிறிதே பொன்னிறமாகும்போது எடுத்துவிட வேண்டும். பேய் சிவக்கலாகாது! ஓவன் இல்லாத வீட்டில், கனத்த பாத்திரத்தில் உப்பையோ மணலையோ பரப்பி, மூடி, பத்து நிமிடம் சூடேற்றி, உள்ளே ஒரு வளையத்தின்மேல் தட்டை வைத்துச் சிறுதீயில் சுடலாம். பிஸ்கோத்து நன்கு ஆறிய பின், பொடித்த சர்க்கரையில் சில சொட்டுப் பால் விட்டுக் குழைத்து மேலே பூசினால் கோடித் துணி ஆயிற்று. கண்ணுக்குக் கறுப்பு எள்ளை வைக்கலாம் என்பது நம் யோசனை. முன்னோர்க்கு நீர் இறைக்கும்போது நாம் கையில் எடுக்கும் தானியம் அதுவேயன்றோ?

இங்கே ஒரு தடை எழும். பேய் என்பதே பொய். பகுத்தறிவு வளர வேண்டிய காலத்தில் அதற்கு உருவம் சமைப்பானேன் என்று சீர்திருத்தக் கருத்துடையோர் கேட்பர். இக்கேள்விக்கும் தங்கவயலில் பழைய வேர் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பண்டித அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கம் மாரிகுப்பத்தில் கிளை கொண்டிருந்தது. அவர் நடத்திய 'தமிழன்' வார இதழ், தமிழர் பண்டிகைகளின் பொருளை வேறு கோணத்தில் ஆராய்ந்து எழுதியது. விழாவைக் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாடாமல், இதன் பொருள் யாது என்று கேட்கும் துணிவை அம்மக்களிடையே பரப்பிய இயக்கம் அது. அக்கேள்வியை நாமும் கேட்போம். தன் கையாலேயே பேயை வெட்டி, சுட்டு, அதன் தலையைக் கடித்து உண்ட சிறுமி, இருட்டறையில் அதற்கு அஞ்சுவாளோ? மண்டையோட்டை மிதித்த அங்காளியின் வேலையைத்தான் அவளும் சிறிய அளவில் செய்கிறாள். அச்சத்தைப் போக்கும் வழிகளுள் நகையாடுதலும் ஒன்று. அதனைச் செயங்கொண்டார் நன்கு அறிந்திருந்தார்.

எனினும், நமக்கு வேறொரு கவலை உண்டு. பேய் போனால் போகட்டும். இறந்தவரும் உடன் போய்விடலாகாதே என்பதே அது. தங்கவயலின் பிற்கால வரலாறு இதனை உணர்த்துகிறது. சுரங்கங்களை 1956இல் மைசூர் அரசு தன்வசமாக்கியது. 1962இல் மைய அரசு ஏற்றது. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. 800 டன்னுக்கு மேற்பட்ட பொன்னை உலகுக்கு ஈந்த பின்னர், 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. பாறைவெடிப்பில் புதைந்தோரும், கல்தூசி நுரையீரலில் படிந்து மூச்சுத் திணறி மாண்டோரும் பலர். வேலையிழந்த குடும்பங்களின் பிள்ளைகள் நாள்தோறும் அதிகாலை ரயிலேறிப் பெங்களூருக்குப் பிழைக்கச் சென்றனர்; பலர் அங்கேயும் அதற்கு அப்பாலும் குடியேறினர். ஊரில் எஞ்சி நிற்பவை சயனைடு மண்மேடுகளும் கோபுரச் சட்டங்களும் கல்லறைகளும் ஆகும். ஆங்கிலேயரின் கல்லறைமீது பெயர் பொறித்த கல் உண்டு. கூலியாய்ச் சென்று உள்ளே மாண்ட தமிழரில் எத்தனை பேருக்கு அது வாய்த்தது? அவர்தம் பெயர் நிற்பது பேரப்பிள்ளைகளின் நாவில் மட்டுமே. அந்த நாவும் வேற்றூர்ப் பேச்சுக்குப் பழகிவருகிறது.

தங்கவயல் குடும்பங்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று இது. வெளிமாநிலத்தில் வாழும் நம் அனைவருக்கும், பாட்டன் பூட்டனின் சுடுகாடு எங்கோ தொலைவில் இருக்கிறது. மகாளய அமாவாசைக்கு விடுப்புக் கிடைப்பதில்லை. குலதெய்வக் கோயிலுக்குப் போய்வரப் பணமும் நாளும் வாய்ப்பதில்லை. காக்கைக்குச் சோறு வைக்கக் கைப்பிடிச் சுவரும் இல்லாத அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கிறோம். முன்னோரைப் பற்றிக் குழந்தைகளிடம் சொல்வதற்கு ஒரு நேரம் அமைய வேண்டும். அந்நேரம் தானாக அமைவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, குழந்தைகள் தாமே விரும்பி மாவில் கை வைத்து, இறந்தோரைப் பற்றிய கேள்விகளோடு நம்மைச் சுற்றி நிற்கின்றனர். அவர்களை விரட்டிவிட்டால் இழப்பு நமக்கே.

ஆகவே பெரியோருக்கு நாம் ஒன்று சொல்ல விரும்புகிறோம். அடுத்த அக்டோபரில் பேரக்குழந்தை அச்சை எடுக்கும்போது அருகில் அமருங்கள். ஆன்மாப் பணியாரத்தின் கதையையும், கார்ன்வால் சுரங்கத்தான் ஒதுக்கிவைத்த ஓரத்துண்டின் கதையையும், மயானத்தில் கொழுக்கட்டை இறைத்த அங்காளியின் கதையையும் சொல்லுங்கள். மாவு குளிரும் அரை மணி நேரம் இதற்குப் போதும். பின்னர், சுட்ட பிஸ்கோத்துகளில் ஒன்றைத் தனியே எடுத்து வைத்து, அது யாருக்கு என்று குழந்தை கேட்டால், நும் பாட்டனாரின் பெயரையும், அவர் பிறந்த ஊரையும், செய்த தொழிலையும் சொல்லுங்கள். மறுநாள் அதனைக் காக்கைக்கு இடலாம். வாயிற்காவலரின் குழந்தைக்குக் கொடுக்கலாம். பழைய ஆங்கில நாட்டு ஏழைச் சிறுவன் வேண்டுதல் சொல்லிப் பெற்ற அப்பத்துக்கும், எவ்வியின் மனைவி புல்லின்மேல் வைத்த பிண்டத்துக்கும் உரிய பொருள் அந்த ஒரு பிஸ்கோத்துக்கும் அப்போது வந்து சேரும்.